நோயாளியின் தலைமாட்டில் இருக்கவேண்டிய ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குணமாக்க ஏலாத நோயுடன் வீட்டுக்கு வரும் நோயாளரைப் பராமரிப்பது பற்றிய கைந்நூல்களுக்குக் குறைவில்லை. இப்பராமரிப்பை ஆரம்ப சுகாதார சேவையோடு இணைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் நடுச்சாமத்தில் நோயாளி நோவில் துடிக்கும்போது கட்டிலடியில் நிற்பவர் மகளோ மருமகளோதான். அவருக்கு உதவுவது, கிளினிக் கொப்பிக்குள் செருகிவைத்த, தமிழில் எழுதிய ஒற்றைத் தாள். அதை எழுதிக் கொடுக்கவேண்டியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும். அதில் எவை இருக்கவேண்டும், எங்கே பிழைக்கிறது என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில், கடும் நோவைத் தணிக்கும் மோர்பின். "நோ வந்தால் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவதுதான் பெரிய பிழை. வாயால் எடுக்கும் சாதாரண மோர்பின் ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே தாங்கும். தாளில் மணியை எழுதுங்கள்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. வைத்தியர் சம்மதித்தால் இரவு 10க்கு இருமடங்கு கொடுக்கலாம். அப்போது ஆறாவது வேளைக்காக அதிகாலை 2 மணிக்கு யாரும் எழும்பத் தேவையில்லை. இவ்வகை மருந்தை முன்பு எடுக்காதவருக்கு வழமையாக 5 மி.கி.இல் தொடங்குவார்கள், மெலிந்து தளர்ந்த முதியவருக்கு 2.5. இடையில் நோ கிளம்பினால் கொடுக்கும் மேலதிக அளவு, நாள் மொத்தத்தின் ஆறில் ஒரு பங்கு. 5 மி.கி. வீதம் ஆறு வேளை என்றால் நாளுக்கு 30, மேலதிகமும் 5. ஒரே நாளில் மூன்று தடவை மேலதிகம் வேண்டியிருந்தால் மொத்தம் 45. அதை வைத்தியரிடம் சொன்னால் ஒரு வேளையின் அளவை 7.5 ஆக்குவார். மேலதிகம் கொடுத்த மணியைக் குறிக்கத் தாளில் வெறும் கட்டங்கள் விடாவிட்டால் இந்தக் கணக்கு யாருக்கும் கைகூடாது.

மெதுவாகக் கரையும் மோர்பின் குளிசையும் இருக்கிறது. அது 12 மணித்தியாலத்துக்கு ஒன்று. விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று வீட்டார் அதை அம்மியில் அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டால், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கும். "உடைக்கக் கூடாது, அரைக்கக் கூடாது" என்று சிவப்புப் பேனையால் எழுதுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு வழமையான அளவே கூடிப்போகலாம். கை கால் சடக்கென வெட்டி இழுப்பதும் அளவுமீறிய தூக்கமும் அதன் அறிகுறிகள். அதை நோ என்று நினைத்து மேலும் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. அடுத்த வேளையைக் கொடுக்குமுன் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

மோர்பினால் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது. எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, உதாரணமாக இரவில் பிசாகோடில் 5 மி.கி. குளிசை ஒன்று அல்லது இரண்டு. பல நாள் மலம் இறுகிக் கிடந்தவருக்குத் திடீரெனத் தண்ணியாகப் போகத் தொடங்கினால் அதை வயிற்றோட்டம் என்று நம்பி மறிக்க மருந்து கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழிகிற நீர் அது. கையுறை போட்டு மலவாயில் விரலால் ஒருமுறை சோதித்தால் தெரிந்துவிடும்.

நோவைக் கேட்கும் விதமும் முக்கியம். "பத்துக்கு எத்தனை?" என்றால் நம்மூர் முதியவர்கள் "பரவாயில்லைப் பிள்ளை" என்பார்கள். "ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ, எது எழுப்பினது?" என்று கேளுங்கள். உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா என்று அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். எரிவும் விறைப்பும் நரம்பு நோவாக இருக்கலாம். அதற்கு மோர்பினைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இரவில் சிறிய அளவு அமிற்றிப்ரிலின் கூடுதல் பலன் தரக்கூடும். இது வைத்தியர் முடிவு, ஆனால் அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

அழுகும் புண் உள்ள வீட்டுக்குள் காலடி வைத்ததும் சாம்பிராணியும் ஓடிக்கொலோனும் மணக்கும். புண்ணின் மணத்தோடு அவை கலந்து நோயாளிக்கு ஓங்காளத்தைத்தான் கூட்டுகின்றன. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவி, மெற்றோனிடசோல் என்ற கிருமிகொல்லிக் குளிசையை மாவாகப் பொடித்துப் புண்ணின் மேல் நேரே தூவுங்கள். தினமும் செய்தால் சில நாளில் மணம் குறையும். புண்ணில் கட்டிய துணியை உலரவிட்டு இழுப்பதால்தான் இரத்தம் கசிகிறது. அதே உப்புநீரால் ஊறவைத்து எடுங்கள். இரத்தம் பெருகக்கூடிய புண் என்றால் கருநிறத் துவாய் ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் சிறிது இரத்தமும் பெரிதாய்த் தெரிந்து எல்லோரையும் பதறவைக்கும்.

மூச்சு வாங்குபவருக்கு முகத்தை நோக்கிய காற்று உண்மையாகவே உதவும். மின்சாரம் போனால் பனையோலை விசிறி போதும்.

கடைசி நாட்களில் "ஒரு சேலைனாவது ஏத்துங்கோ" என்று கேட்பார்கள். அந்நிலையில் உடல் நீரைக் கையாளாது. வீக்கமும் தொண்டைச் சளியும்தான் கூடும். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் வேதனைதான். வாயை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரக் கோஸ் துணியால் துடைத்தால் வறட்சி தெரியாது. தேவாரம் படித்து வாயில் பால் விடும் வழக்கத்தைத் தடுக்கவேண்டியதில்லை. கரண்டியால் ஊற்றினால் புரைக்கேறும். தலையைச் சரித்து, பாலில் நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள்.

தாளின் அடியில் இரண்டு தொலைபேசி இலக்கங்கள்: பகலில் யார், இரவில் யார். அவை இல்லாவிட்டால் பதற்றத்தில் 1990 அம்புலன்ஸை அழைப்பார்கள். வீட்டிலேயே கண்மூட விரும்பியவர் வழியில் இறந்துபோவார். நோய் விபரம் எழுதிய அட்டையும் கிளினிக் கொப்பியும் தாளோடு ஒரே பையில் இருந்தால், மரணத்தை அறிவிக்கக் கிராம அலுவலரிடம் போகும்போதும் அலைச்சல் குறையும்.

நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு இன்னொன்று. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் துறையிலிருந்து அத்தீவுக்குப் படகு ஓடாது. மோர்பின் திடீரென நின்றால் நோவும் திரும்பும், வியர்வையும் நடுக்கமும் வரும். குளிசை எண்ணும்போது அடுத்த கிளினிக் திகதிவரை மட்டும் எண்ணாமல், படகு நிற்கக்கூடிய நாட்களையும் சேர்த்து வைத்தியரிடம் எழுதிக் கேட்கவேண்டும். இப்படியொரு தாளை மாகாண சுகாதாரத் திணைக்களம் அச்சிட்டு ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கொடுத்தால் நல்லது. எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். குப்பி விளக்கிலும் வாசிக்கக்கூடியதாக.

வீட்டு நோயாளர் பராமரிப்பில் உள்ள தாதியர் சிலர்,
யாழ்ப்பாணம்.