இடைப்பருவத் தேர்வும் ஒன்பது கடிதங்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதுவது

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

முதல் இடைப்பருவத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். கேட்டு வாங்கிப் பார்த்து, கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் கபடியிலும் தடகளத்திலும் நம் மாணவ மாணவியர் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறார்கள். இலக்கிய மன்றக் கூட்டமும் வினாடி வினாவும் சிறப்பாக நடந்தன. சாரல் காலத்தில் ஒழுகிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புக் கூரையைச் சரிசெய்தாகிவிட்டது. இதற்கெல்லாம் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நன்றி.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் மேசையில் ஒன்பது கடிதங்கள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பில் முதல் குரூப்பில், அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள கணிதப் பிரிவில் சேர்ந்த பிள்ளையை வணிகவியலுக்கோ கலைப் பிரிவுக்கோ மாற்றித் தருமாறு கேட்டு, கடந்த மூன்று வாரங்களில் வந்தவை. ஒன்பதும் மாணவிகளுக்காக எழுதப்பட்டவை. அதே வகுப்பில் கணிதத்தில் தடுமாறும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வீட்டிலிருந்தும் இப்படி ஒரு கடிதம் வரவில்லை. இந்தத் தேர்வில் கணிதத்தில் முதல் மதிப்பெண் எடுத்த மாணவியின் வீட்டுக் கடிதமோ இந்த ஒன்பதில் ஒன்றாக இருக்கிறது.

ஒவ்வொரு மாணவியையும் தனியாக அழைத்துப் பேசினேன். அவர்களில் ஆறு பேருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டதே தெரியாது.

வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதை விரும்பி எடுத்துப் படித்து உயர்ந்தவர்கள் நம் பள்ளியிலேயே உண்டு. என் கவலை வேறு. கணிதப் பிரிவில் படித்த பிள்ளை பன்னிரண்டு முடித்தபின் பி.காம். சேரலாம், சட்டம் படிக்கலாம், ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். வணிகவியல் படித்த பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்குள் நுழைய முடியாது. அங்கே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் தரவரிசை போடுகிறார்கள். பதினைந்து வயதில் நாம் போடும் ஒரு கையெழுத்து, பதினேழு வயதில் அவள் எடுக்க வேண்டிய முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. ஆகவே அந்தக் கையெழுத்துக்கு முன் கொஞ்சம் பேசுவோம்.

கடிதங்களில் நீங்கள் எழுதியிருந்த காரணங்களை ஒதுக்கித் தள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. முதலாவது, நேரம். செய்முறை வகுப்பும் சிறப்பு வகுப்பும் முடிந்து பிள்ளை வீடு வந்து சேர இருட்டிவிடுகிறது, பேருந்தை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். அது நியாயம். அந்த நேர அட்டவணையில் தவறு எங்களுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன். வரும் திங்கள் முதல் சிறப்பு வகுப்புகள் காலை 8.15-க்கு நடக்கும். செய்முறை வகுப்புகள் பள்ளி நேரத்துக்குள்ளேயே முடியும். மாலை மணி அடித்தபின் ஆய்வகத்தில் எந்த மாணவியும் இருக்க மாட்டாள். ஆய்வகக் கட்டடத்துப் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இணைக்கும் வேலையும் இந்த வாரம் முடிந்துவிடும். இதை யாரும் கடிதத்தில் எழுதவில்லை, மாணவிகள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். பீடி சுற்றியும் வயல் வேலை பார்த்தும் குடும்பம் நடத்தும் வீட்டில் இன்ஜினீயரிங் என்ற சொல்லைக் கேட்டாலே லட்சங்கள்தான் கண்ணில் தெரியும். தெருவில் ஒருவர் கடன் வாங்கிப் படிக்க வைத்து அவதிப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நிலைமை மாறிவிட்டது, இந்தச் செய்தி உங்களை வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. 2021 முதல் அந்த இடங்களில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது கிடைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் ஒரு ரூபாயும் வராது.

அதோடு, கல்லூரியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அது. பட்டப் படிப்புக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு, ஐ.டி.ஐ.க்கும் உண்டு. இவை தவிர, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கென்றே மத்திய அளவில் பிரகதி என்றொரு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருவது பள்ளியின் பொறுப்பு. கணினி மையத்துக்குப் போய்ப் பணம் கொடுத்து நிரப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் நேராக எழுதவில்லை. "பெண் பிள்ளைக்கு இவ்வளவு கடினமான படிப்பு எதற்கு" என்று ஒரு கடிதம் கேட்கிறது. அதிகம் படிக்க வைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று ஒரு தாய் என்னிடம் நேரில் கேட்டார். அவர் கண்ணில் இருந்தது பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

அவருக்கு நான் சொன்ன ஒரு வாழ்க்கையை உங்களுக்கும் சொல்கிறேன். சென்னையில் 1919-இல் பிறந்த லலிதா என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த பெண்ணின் எஞ்சிய வாழ்க்கை எப்படிக் கழியும் என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். லலிதாவின் தந்தை சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அன்று அங்கே ஒரு மாணவிகூட இல்லை. மகளுக்காக அவர் அனுமதி கேட்டார், கிடைத்தது. அடுத்து தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் கட்டடப் பொறியியல் படிக்க வந்து சேர்ந்தார்கள். லலிதா 1943-இல் மின்பொறியியல் படிப்பை முடித்தார். சான்றிதழை ஆணுக்கென்றே அச்சடித்து வைத்திருந்தார்களாம், அந்தச் சொல்லை அடித்துப் பெண்பாலாகக் கையால் திருத்திக் கொடுத்தார்கள். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் வேலைகளில் அவர் பங்கு இருந்தது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போய் வந்தார். அந்தத் தந்தை மகளின் மறுவாழ்வு என்று நினைத்தது படிப்பை.

அது சென்னையில், பேராசிரியர் வீட்டில் நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டதே, அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். பொறியியல் படித்தது திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில். இஸ்ரோவில் சேர்ந்தது 1987-இல். நம் பிள்ளைகள் குற்றாலத்துக்குப் போகும்போது கடந்து போகும் அதே சாலைகள்தான்.

நம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வயல் வரப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் காற்றாலை. கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடு செய்யும் ஆலையில் பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் நம் பெண்கள் இயந்திரத்தை இயக்குபவர்களாகப் போவது நல்லதே. அந்த இயந்திரத்தை வடிவமைப்பவர்களாகவும் அவர்கள் போக வேண்டும் என்பது என் ஆசை. நாடு முழுவதும் பி.இ., பி.டெக். படிப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான் பெண்கள். அந்தக் குறைவு கல்லூரி வாசலில் தொடங்கவில்லை என்பதை இந்த ஒன்பது கடிதங்கள் எனக்குக் காட்டிவிட்டன.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் என்னோடு கணக்கில் போட்டி போட்ட தோழி ஒருத்தி இருந்தாள். பல முறை அவள்தான் முந்துவாள். பத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். பீடி சுற்றித் தம்பியைப் படிக்க வைத்தாள். நான் இயற்பியல் ஆசிரியை ஆனேன். இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மகனின் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் விடை காணாமல் எழுந்து போனதில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆகவே சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாணவியின் சம்மதம் இல்லாமல் வரும் பிரிவு மாற்றக் கடிதத்தில் நான் இனிக் கையெழுத்திட மாட்டேன். மாணவி, பெற்றோர், வகுப்பாசிரியர் மூவரும் என் எதிரில் அமர்ந்து பேசிய பிறகே முடிவு. பிள்ளை தானே மாற விரும்பினால் அன்றே மாற்றித் தருவேன். அண்ணனையோ சித்தப்பாவையோ அனுப்பி அலுவலக உதவியாளரை வற்புறுத்த வேண்டாம். ஒரு வீட்டில் இந்த ஆண்டே நிச்சயதார்த்தம் செய்ய உத்தேசித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். அப்படி நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்ல வேண்டியது என் கடமை, அதில் தயங்க மாட்டேன்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைமீது எனக்கு இருக்கும் உரிமையில் எழுதியது. இந்தப் பெண்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மகளுக்கு விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். மகளின் சிறப்பு வகுப்பு முடியும்வரை பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்ற அப்பாவையும் தெரியும். பேத்தியின் விடுதிச் செலவுக்கென்று ஆட்டை விற்றுப் பணத்தோடு வந்து, அந்தப் பணம் தேவையில்லை என்று நாங்கள் சொன்னதும் கலங்கி நின்ற தாத்தா ஒருவர் உண்டு. உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் பதினோராம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். கூலி வேலைக்குச் செல்வோர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கக் கூடாது என்பதால்தான் ஞாயிறு. நம் பள்ளியில் படித்து இப்போது பொறியியல் கல்லூரியில் பயிலும் முன்னாள் மாணவிகள் இருவர் வந்து, விடுதி வாழ்க்கை, செலவு, பாதுகாப்பு எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வாருங்கள், மகளையும் அழைத்து வாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவந்தால் அன்றே சரிபார்த்துவிடலாம்.

அதுவரை ஒன்பது கடிதங்களும் என் மேசையிலேயே இருக்கும். திரும்பப் பெற விரும்புவோர் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்