எலெக்ட்ரான் வேடத்தில் வந்த பையான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துகள் மோதல் சோதனைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பி மீசான் என்ற குறுகிய ஆயுள் துகள் சிதையும்போது மியூவான்களைவிட எலெக்ட்ரான்களே கூடுதலாகப் பிறக்கின்றன, ஆகவே அடிப்படைத் துகள்களை விளக்கும் இயற்பியல் கோட்பாடான திட்ட மாதிரி ஆட்டம் கண்டுவிட்டது என்கிறார் கட்டுரையாளர். 2021 மார்ச்சில் இதை எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 2022 டிசம்பரில் கதை மாறிவிட்டது. அந்தப் பாதி கட்டுரையில் இல்லை.

மியூவான் எலெக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு கனமானது. நிறையைத் தள்ளிவிட்டால் திட்ட மாதிரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே பி மீசான் சிதைந்து கேயான் என்ற இன்னொரு துகளோடு மியூவான் இணையைத் தருவதும், எலெக்ட்ரான் இணையைத் தருவதும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் நடக்க வேண்டும். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்எச்சிபி சோதனைக் குழு 2021இல் அளந்த விகிதமோ (மியூவான் சிதைவுகளை எலெக்ட்ரான் சிதைவுகளால் வகுத்தது) 0.846. தற்செயலாக அப்படி அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இந்தத் துறையில் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்ல அந்த வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். அந்தக் குழுவே ‘சான்று’ என்றுதான் எழுதியது. விதியை உடைத்தவர்கள் தலைப்பு போட்டவர்கள்!

மியூவானை அடையாளம் காண்பது எளிது. கருவியின் கடைசியில் இருக்கும் இரும்புச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு அது வெளியே வந்துவிடும். எலெக்ட்ரானோ வழியெல்லாம் ஒளித்துகள்களை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். அதைப் பிடிப்பது பெரும்பாடு. அந்தக் கூட்டத்தில், பையான் என்ற வேறு வகைத் துகள்கள் சிலவும் கேயான்களும் எலெக்ட்ரான் வேடமிட்டுக் கணக்கில் நுழைந்திருந்தன. வகுக்கும் எண் பெருத்தால் விகிதம் குறையத்தானே செய்யும்? போலிகளைச் சரியாகக் கணக்கிட்டதும் விகிதம் கணிப்போடு ஒத்துப்போனது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே குழுதான். எனக்கு அந்த முதல் பரபரப்பைவிட இதுதான் பிடித்திருந்தது.

இப்படிப்பட்ட சமச்சீர்கள் எதுவும் உடையவே உடையாது என்று நான் வாதாடவில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1964இலேயே இயற்பியலாளர்கள் குரோனினும் ஃபிட்சும் குழுவினரும், துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் இடையிலான சமச்சீர் உடைவதைப் பார்த்தார்கள். நெடுங்காலம் வாழும் நடுநிலைக் கேயான்களில் ஆயிரத்துக்கு இரண்டு, சமச்சீர் விதி தடுத்த வழியில் இரண்டு பையான்களாகச் சிதைந்தன. எலெக்ட்ரானின் இன்னும் கனமான உறவான டௌ துகள் பிறக்கும் பி மீசான் சிதைவுகளிலும் 2012 முதல் ஒரு முரண் தீராமல் நிற்கிறது. 2025இல் எல்எச்சிபி, பாட்டம் குவார்க் என்ற அடிப்படைத் துகளைக் கொண்ட லாம்டா துகளும் அதன் எதிர்த்துகளும் சிதையும் வீதங்களில் சுமார் 2.5 சதவீதச் சமச்சீரின்மையை அறிவித்தது. பேரியான்களில், அதாவது புரோட்டானைப் போல மூன்று குவார்க்குகளால் ஆன துகள்களில், இது முதல் முறை, அந்த 35 லட்ச வாசலையும் தாண்டிவிட்டது. உங்கள் இதழில் அதற்கு ஒரு பத்திகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

கட்டுரையோடு அச்சான வரைபடம் 2021இல் வெளியானது. அடுத்த இதழில் 2022இன் வரைபடத்தையும் அதே அளவில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்