பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. காசிமேட்டு அத்தை வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவில் மேசை மேல் ஒரு புத்தகம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நீ இருக்கிற பிரிட்டனைப் பற்றிய பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக எழுதினால் பாஸ். உனக்கு அது பெரிய காரியமில்லை, நர்சிங்கில் நீ எழுதாத பரீட்சையா! அங்கே நிரந்தரமாகத் தங்கக் கேட்பவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள், குடியுரிமை கேட்பவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீ எதற்கு என்று சொல்லவில்லை. நானும் போனில் கேட்கவில்லை.

ஆட்சி நடக்கிற விதத்தை மட்டும் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். துறைமுகத்தில் யூனியன் வேலை பார்த்தவன் நான். அதிகாரம் யார் கையில் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மன்னர் நாட்டின் தலைவர். ஆள்வது பிரதமர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 650 பேர் இருக்கிற காமன்ஸ் சபையில் யாருக்கு ஆதரவு அதிகமோ அவரைத்தான் மன்னர் அழைக்க வேண்டும். கூட்டத்தொடரைத் தொடங்கிவைத்து அவர் படிக்கிற உரை முழுக்க அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. வாரம் ஒருமுறை பிரதமர் போய்ப் பார்ப்பார். மன்னர் கேட்டுக்கொள்ளலாம், ஊக்கம் தரலாம், எச்சரிக்கலாம். அதோடு சரி. மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-ல், ஆன் ராணி காலத்தில். நம் ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்ததே! இத்தனைக்கும் நமக்கு எழுதிவைத்த அரசியல் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரே புத்தகமாக அப்படி எதுவும் இல்லை. சட்டம், தீர்ப்பு, மரபு எல்லாம் சேர்ந்துதான் நடத்துகிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் எந்த மன்னரும் மனமுவந்து கொடுத்ததில்லை அது. 1642-ல் முதலாம் சார்ல்ஸ் 5 உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சபைக்குள் போனார். சபாநாயகர் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் மன்னரின் உரையைக் கேட்க உறுப்பினர்களை அழைக்கப் போகிற அதிகாரியின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிறார்கள், அவர் கோலால் மூன்று முறை தட்டிய பிறகுதான் திறப்பார்கள். அந்த சார்ல்ஸின் தலையை 1649-ல் வெட்டினார்கள். நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி போடக் கூடாது என்று 1689-ல் சட்டமே ஆனது. 2019-ல் பிரதமர் சொன்னபடி ராணி நாடாளுமன்றத்தை முடக்கினார். அது செல்லாது என்று அங்கே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

இவ்வளவு படித்தும் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது. குடியுரிமை வாங்கும்போது மன்னர் மூன்றாம் சார்ல்ஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். ஜனநாயகத்தைக் காப்பேன் என்று அடுத்து வருகிறதே, அதைத் தாராளமாகச் சொல்லலாம். அந்த முதல் வரிதான். எம்.பி.க்களும் அதைச் சொல்லாமல் சபையில் உட்கார முடியாது. மன்னர் என்றால் அங்கே ஒரு ஆள் இல்லை, அரசுதான் என்பார்கள். புரிகிறது. ஆனாலும் உன் கொள்ளுத்தாத்தா பெரம்பூர் மில்லில் வேலை செய்தவர், 1918-ல் சங்கம் தொடங்கியதும் போய்ச் சேர்ந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் பெயரை நம் ஊரில் ஒரு பேட்டைக்கே வைத்தார்கள். அந்த மன்னர் பெயரில் நடந்த ஆட்சியில் தாத்தாவுக்கு ஓட்டு கிடையாது. 1952-ல்தான் முதல் ஓட்டு, விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றாராம்.

நான் தடுக்கவில்லை. ராத்திரி டியூட்டி பார்த்து வீட்டுக் கடனை அடைத்தவள் நீ, உன் பெயரைச் சொன்னால் தெருவில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அவசரப்படாதே. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம், தெரியுமா? 2024 ஜூலையில் போட்டாயா? அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தால் வரலாம், தங்கலாம், இங்கே ஓட்டு மட்டும் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படி. அவசரப்படாதே.

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தார்கள். மகள் எங்கே என்று கேட்டதற்கு அம்மா, லீவுக்கு வருவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6ஏ இருக்கிறதாம், ஆன்லைனிலேயே போடலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை என்று அதில் நீதான் உறுதி சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தைப் போடுவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா
தண்டையார்பேட்டை