கொசு ஒழிப்பில் கூட நின்றவர்களுக்கு நன்றி, கொஞ்சம் கணக்கோடு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தின் வரவு செலவுக் கணக்கை முடித்துவிட்டேன். டார்ச், பிரஷ், தொட்டிக்கு மூடும் வலை, துண்டறிக்கை அச்சடித்தது, புகை மருந்து எல்லாம் அதில் வந்துவிட்டன. ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஆன மிகப் பெரிய செலவு எந்த ரசீதிலும் இல்லை. அது நீங்கள் கொடுத்த நேரம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது, சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், அதையும் வாராவாரம் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தோள் வரை கையை உள்ளே விட்டுத் தேய்த்தீர்கள், டார்ச் அடித்து நெளியும் புழுவை வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்க வைத்தீர்கள். இதையெல்லாம் செய்ய ஒரு இயந்திரமும் கிடையாது.

புகை அடிக்கப் பணம் கேட்டால் சீக்கிரம் கிடைக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற வேலை அல்லவா. ஆனால் புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழு சில நாளில் கொசுவாகி வந்துவிடும், அப்புறம் மறுபடி புகை, மறுபடி செலவு. நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் பூச்சிமருந்தையே நம்பாமல் மக்களே கூடித் திட்டம் போட்டு வேலை செய்த பகுதிகளில், சிறுவர்களிடையே டெங்கு தொற்று மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 2015-ல் வெளியான முடிவு இது. நாம் செய்ததும் அதே வழிதான்.

கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும் நன்றி, இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ஒரு வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது, ஒருவர் தொட்டியை மூடினால் பலன் தெரு முழுக்கப் போகிறது. அதனால்தான் தனியாக ஒருவர் இதற்குக் கைக்காசு போடத் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தைத் தாண்டி வந்தவர்கள் நீங்கள்.

2013-ல் மட்டும் உலகம் முழுக்க டெங்குவால் ஆன செலவு சுமார் 890 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவோடு, காய்ச்சலில் படுத்தவரும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரும் இழந்த வேலை நாட்களும் அதில் சேர்த்தி. வராமல் போன காய்ச்சலுக்கு பில் வராது, அதனால் நோய் குறைந்த வருடமே நிதியை வெட்டத் தோன்றுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

தன்னார்வலர்களின் நேரத்தையும் தினக்கூலி அளவில் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று விடாமல் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. "இலவசம்னு எழுதினா, அடுத்த வருஷமும் இலவசமாத்தான் எதிர்பார்ப்பாங்க" என்றார். சரியான பேச்சு. உங்கள் நேரத்தை ஒரு தாளில் குத்துமதிப்பாகவாவது எழுதி அனுப்புங்கள், அதையும் சேர்த்து அடுத்த நிதிக் கோரிக்கையை நான் தயார் செய்கிறேன்.