சங்கத்தின் ஆண்டறிக்கை: நோயாளியின் பதில் நோயாளியிடமிருந்தே வரட்டும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், தலை கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தும் சிகிச்சையின் நடுவிலும் இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கூட்டிவந்த குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டம் தடையில்லாமல் நடந்தது. மே 31 புகையிலை எதிர்ப்பு நாளிலும், ஜூலை 27 உலகத் தலை கழுத்துப் புற்றுநோய் நாளிலும் பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்தோம். நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நின்று கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பையன்கள். மூக்கு வழியாக டியூப் போட்டவர்களுக்குக் கஞ்சி கரைத்து ஊற்றும் முறையை வீட்டாருக்குச் சொல்லித்தரும் வகுப்பு தொடர்கிறது. கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைப்பதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், கெட்டுப்போன பல்லை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பதைப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிவருகிறோம். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்கள் குடும்பங்களுடன் சங்கம் தொடர்பில் இருக்கிறது.

இனி, இந்த ஆண்டு நம் நேரத்தையும் யோசனையையும் அதிகமாக எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். நோயாளியின் தொந்தரவுகளை அவரிடமே கேட்டு எண்ணாகக் குறித்துக்கொள்ளும் படிவங்களைத் தமிழில் சரிபார்க்க, மருத்துவர் குழு ஒன்று நம் உதவியைக் கேட்டது. செயற்குழு ஒரே மனதாக ஒப்புக்கொண்டது.

இப்படிப்பட்ட படிவங்கள் வெளிநாட்டில் ஆங்கிலத்தில் உருவானவை. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் தலை கழுத்துப் படிவத்தில் 28 கேள்விகள். வலி, களைப்பு, தூக்கம் மாதிரி எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவானவை 13. விழுங்குவது, குரல், ருசி, வாய்ப்புண் என்று நமக்கே உரியவை 9. அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைப்பட்டது என்று கேட்பவை 6. கடந்த 24 மணி நேரத்தை நினைத்து 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் தலை கழுத்துப் படிவத்தில் 35 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் அந்த ஐரோப்பியப் படிவத்தை இந்திய நோயாளிகளிடம் சோதித்து 2005இலேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 766 புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. தொந்தரவுகளைத் தாங்களே தவறாமல் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் 31.2 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் 26 மாதத்துக்கு மேல். அதில் இருந்தவர்கள் மார்பகம், நுரையீரல் போன்ற இடங்களில் தொடங்கிப் பரவிய நோய் உள்ளவர்கள். ஆகவே அதே கணக்கு நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை யோசித்துப் பாருங்கள். தொந்தரவு உடனே தெரிந்தால் மருத்துவர் உடனே ஏதாவது செய்வார், சிகிச்சை பாதியில் நிற்காது. ஆறேழு வாரம் தினமும் கரண்டுக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பலன் எப்படிக் குறையும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பின் படிகளைக் குழுவினர் நமக்கு விளக்கினார்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவார்கள். ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவார்கள். பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் நோயாளி உள்ளே வருகிறார். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, “இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்” என்று கேட்க வேண்டும். நம் உறுப்பினர்கள் உட்கார்ந்தது அங்கேதான்.

அங்கே தெரிந்தவை எந்த அகராதியிலும் கிடைக்காதவை. வாயிலும் தொண்டையிலும் பசைபோல் கட்டிக்கொள்ளும் எச்சிலைப் பற்றிய கேள்வியில் ‘சளி’ என்று இருந்தது. “எனக்குச் சளி பிடிக்கவில்லையே” என்று பூஜ்யம் சொன்ன அய்யா, கையில் துப்புவதற்கு ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். டியூப் வழியாகவே சாப்பிடும் ஓர் அம்மா, விழுங்குவதில் கஷ்டமே இல்லை என்றார். விழுங்குவதே இல்லை, பிறகு கஷ்டம் எங்கிருந்து வரும்! எண்களிலும் சிக்கல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்குமே பத்துக்குப் பத்து என்றால் நல்ல மார்க். எம்.டி. ஆண்டர்சன் படிவத்திலோ 10தான் மிக மோசம். போதாக்குறைக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகப் படிவத்தில் 100 என்றால் நல்ல நிலை. ஒரே நோயாளிக்கு இரண்டு படிவம் கொடுத்தால் குழம்பத்தான் செய்வார். அதனால், “தொந்தரவே இல்லை என்றால் எந்த எண்ணைக் காட்டுவீர்கள்?” என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடங்கும்படி சொன்னோம். குழு ஏற்றுக்கொண்டது. படிவத்தின் வாசகத்தை நாமாக மாற்ற முடியாது. அது உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதியோடு நடக்க வேண்டியது. நம் குறிப்புகள் எல்லாம் எழுத்தில் அவர்களுக்குப் போயிருக்கின்றன.

அடுத்த கட்டம் புள்ளிவிவரம். ஒரே படிவத்துக்கு ஒருவர் சில நாள் இடைவெளியில் இருமுறை பதில் சொன்னால், உடல்நிலை மாறாத பட்சத்தில், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கரண்ட் நடந்துகொண்டிருப்பவரிடம் இதைச் சோதிக்க முடியாது. மூன்றாவது வாரம் நெருங்கும்போதே வாய் நாளுக்கு நாள் மாறும். சிகிச்சை முடித்து நாளாகி, நிலைமை ஒரே மாதிரி இருப்பவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது நம் சங்கத்தில்தான். நம்மைத் தேடி வந்ததற்குப் பெரிய காரணம் அது. சொன்ன தேதிக்கு இரண்டாம் முறையும் பஸ் ஏறி வந்த ஒவ்வொருவருக்கும் என் கைகூப்பிய நன்றி.

கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்று பார்க்க கிரான்பாக் ஆல்ஃபா என்று ஓர் அளவு உண்டு. அது 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது நடைமுறை. இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகப் பேச விரும்புகிறேன். கூட வந்த மகன், அப்பாவைப் பேசவிடாமல், “எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க”, “எல்லாத்துக்கும் ரெண்டு போடுங்க” என்று சொல்லிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொருவரின் பதில்களும் ஒரே எண்ணாக நிற்பதால் அந்த அளவு குறையாது, ஏறும். எண் அழகாக வரும். நோயாளியின் குரல் அதில் இருக்காது. குரல்வளை எடுக்கப்பட்டவர்கள், நாக்கில் அறுவை செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆகிய மூவருக்கும் பதிலாக எப்போதும் வேறு யாராவது பேசிவிடுகிறார்கள். அன்பினால்தான் பேசுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு எச்சில் அடைத்துக்கொண்டு அப்பா எழுந்தது பெரும்பாலும் மகனுக்குத் தெரியாது.

எனவே நம் செயற்குழு மருத்துவர் குழுவிடம் சில வேண்டுகோள்களை வைத்தது. கூட வந்தவர் கேள்வி நேரத்தில் வெளியே இருக்கட்டும். பேச முடியாதவருக்கு 0 முதல் 10 வரை பெரிதாக அச்சடித்த அட்டை. விரல் வைத்துக் காட்டினால் போதும். வாசித்துக் காட்டுபவர் படிவத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்கட்டும். புரியவில்லை என்றால் சொந்தமாக விளக்காமல், புரியவில்லை என்றே குறிக்கட்டும். ஐரோப்பியப் படிவத்தில் தாம்பத்தியம் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. அவற்றைப் பெண்களிடம் பெண்களே, தனியாகக் கேட்கட்டும். பதில் சொல்ல விரும்பாவிட்டால் காலியாக விடட்டும். நம் வேண்டுகோள்படியே நடந்தது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். பிறர் முன்னால் சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, இத்தனை வருஷமாக எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காரவில்லை என்று ஓர் உறுப்பினர் எழுதிக் காட்டினார். அவர் மனைவிக்கு அது அன்றுதான் தெரிந்தது.

சேகரித்த பதில்களைக் குழு இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் வெளியிட்ட பிறகு மாதக் கூட்டத்தில் விளக்கமாகச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இரண்டு. ஒன்று, புறநோயாளிப் பிரிவில் படிவத்தை வாசித்துக் காட்ட நம் உறுப்பினர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி. குறிப்பாகப் பெண்கள் பெயர் கொடுக்க வேண்டும், இப்போது போதவில்லை. இரண்டு, படிக்கத் தெரியாதவர்கள் காதில் கேட்டுப் பதில் சொல்ல ஒலிப்பதிவு தயாரிக்கும்படி குழுவைக் கேட்பது. காதால் கேட்டுச் சொல்லும் பதிலும் கண்ணால் படித்துச் சொல்லும் பதிலும் ஒன்றுதானா என்று அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் இருமுறை வரக்கூடியவர்கள் தேவைப்படும். பஸ் செலவைச் சங்கமே ஏற்கலாம் என்பது என் கருத்து. பொருளாளரிடம் பேசியிருக்கிறேன், பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

செயலாளர்