ஐஸ்கிரீம் பெட்டிக்குள் இருந்த கார்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளவத்தையில் மூன்று நாட்கள் நடந்த பழைய கார்ப் படக் கண்காட்சி முடிந்து, சுவரில் இருந்த கடைசி ஆணியையும் பிடுங்கி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அது எனக்கு உரியதல்ல. உரியவர்களிடம் அதைச் சேர்த்தால்தான் எனக்கு நிம்மதி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பப்பா கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தவர். சொந்தமாக ஒரு சைக்கிள் மட்டும் வைத்திருந்தார், ஆனால் கார் என்றால் அவருக்கு உயிர். வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன பிரதிகள், வெளிச்சம் சரியில்லை என்று ஒதுக்கியவை, அவருக்கு முந்திய காலத்தவர்கள் இறாக்கையில் விட்டுப்போனவை என்று, கார் இருக்கிற படம் எது கிடைத்தாலும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவார். 71 படங்கள், 9 கண்ணாடித் தகடுகள். காலிமுகத்திடலில் வரிசையாக நிற்கும் கார்கள், யோர்க் வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தின் முன்னால் துரைமாருக்காகக் காத்திருக்கும் சாரதிகள், புறக்கோட்டையில் டிராம் வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கார். எங்கள் வீட்டில் நகைப்பெட்டியைக்கூட அவ்வளவு கவனமாக யாரும் வைத்ததில்லை.

அப்படியிருந்தும் ஒரு மழை இரவில் மேல்மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்து, அலுமாரிக்குள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. விடியப் பார்த்தால் படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. நான் அழுதுகொண்டே முதல் படத்தைப் பிரிக்கப் போனேன்.

"ஒன்றையும் பிரிக்காதே பிள்ளை, காயவும் விடாதே." தொலைபேசியில் இதைச் சொன்ன அக்காவுக்குத்தான் முதல் நன்றி. பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின், நனைந்தால் ஊதிப் பசை போல ஆகிவிடும், அப்படியே காய்ந்தால் பிறகு எந்தக் கடவுளாலும் பிரிக்க முடியாது என்று விளக்கினார். உடனே உறைய வைத்துவிட்டால் நேரம் கிடைக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டால் தானாகவே விலகும் என்றார். கண்ணாடித் தகடுகளை மட்டும் உறைய வைக்கவே கூடாதாம். அவற்றை எங்கள் குசினியில் பீங்கான் கோப்பைகள் காயவைக்கும் தட்டில் நிமிர்த்தி நிறுத்தினோம். ஒன்பதும் தப்பிவிட்டன.

சரி, 71 படங்களை எங்கே உறைய வைப்பது? எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் ஒரு மீனுக்குத்தான் இடம். மூலைக்கடை நானாவிடம் ஓடினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் பெட்டியின் பாதியைக் காலி செய்து, பொலித்தீனில் சுற்றிய கட்டுகளைத் தன் கையாலேயே அடுக்கி, மேலே "தொடாதீர்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினார். பதினொரு நாட்கள் அந்த வெயில் காலத்தில் பாதி ஐஸ்கிரீம்தான் விற்றார். காசு கொடுக்கப் போனபோது, "உங்கட அப்பப்பா என்ட வாப்பாவுக்கு எடுத்துக் கொடுத்த படம் இன்னும் எங்கட வீட்டுச் சுவரில இருக்கு" என்று மட்டும் சொன்னார். நானா, அந்தப் படத்தையும் பார்க்க ஒருநாள் வருகிறேன். 58 படங்கள் முழுதாகக் கிடைத்தன.

படங்கள் பிழைத்தன. ஆனால் பின்பக்கத்தில் அப்பப்பா எழுதியிருந்த மை கரைந்து போயிருந்தது. எந்த ஆண்டு, எந்தக் கார், யார் என்று ஒன்றும் இல்லை. இங்கேதான் பஞ்சிகாவத்தை பாஸ் ஐயா வந்தார். உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே ஐம்பது வருடம் எஞ்சின் கழற்றிய கை. சிங்களமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே படத்துக்குள் விரலை வைப்பார். "இது ஃபோர்ட் மொடல் டி. ரேடியேட்டர் ஓடு பித்தளை. 1917 மொடலில் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள். அப்போ இந்த வண்டி அதுக்கு முந்தினது." ஒரு சின்னக் காரைப் பார்த்ததும் முகமே மலர்ந்துவிட்டது. பேபி ஒஸ்டின், அதாவது 1922இல் வந்த ஒஸ்டின் செவன். இன்னொரு பழைய காரின் பக்கப் படிப்பலகையில் இருந்த உருளையை நாங்கள் தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்திருந்தோம். அதற்குள் கார்பைட் கல் இருக்குமாம், மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு வந்து முன் விளக்குகள் எரியுமாம்.

ஒரு படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட சாரதி ஒருவர், வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். பாஸ் ஐயா அதை நெடுநேரம் பார்த்தார். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் அந்தக் கால வண்டிகளைக் கிளப்ப வேண்டும். பற்றவைப்பு நெம்பால் தீப்பொறியைப் பிந்தவைக்க மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடியும் அதோடு திரும்பி மணிக்கட்டை உடைத்துவிடும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லித் தன் குரு அடித்துச் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லி, காற்றிலேயே பிடித்துக் காட்டினார். 1912இல் கடிலக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது எத்தனை கைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். அந்தச் சாரதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

காலிமுகத்திடலில் ஓடும் காரின் படம் ஒன்று. சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். ஸ்கேன் செய்த பிள்ளைகள் படம் பழுதாகிவிட்டது என்று பயந்துபோனார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கிற பழைய ஸ்டூடியோக்கார மாமா சிரித்துக்கொண்டே தீர்த்துவைத்தார். அந்தக் கமராக்களில் ஒரு துணித்திரை, அதில் மெல்லிய ஒரு பிளவு. பிளவு மேலிருந்து கீழே நகரும். தகட்டில் பிம்பம் தலைகீழாக விழுவதால் சக்கரத்தின் அடி முதலில் பதியும், உச்சி பதிவதற்குள் கார் முன்னே போய்விடும். பிரான்சில் லார்ட்டீக் என்ற இளைஞர் எடுத்த பந்தயக் கார்ப் படமும் இப்படித்தான் உலகப் புகழ் பெற்றதாம். அவர் காரோடு சேர்த்துக் கமராவையும் திருப்பியதால், வேடிக்கை பார்த்தவர்கள் பின்பக்கம் சாய்ந்து தெரிவார்களாம். மாமா, அந்தப் படத்தின் முன்னால்தான் சிறுவர்கள் மூன்று நாளும் கூட்டமாக நின்றார்கள்.

இலக்கத் தகடுகளைப் படித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி. தகட்டில் இருப்பது வண்டி பதிவான காலம், படம் எடுத்த காலம் அல்ல என்று அவர்தான் எங்கள் அவசரத்தை நிறுத்தினார். அல்பத்தின் கடைசிப் படத்தில், அரசு வண்டி இலக்கத் தகடுகளில் கொண்டுவந்த சிங்கள ஸ்ரீ எழுத்தோடு ஒரு கார். 1958இல் வடக்கில் அந்த எழுத்தின் மேலும், தெற்கில் தமிழ் எழுத்துகளின் மேலும் தார் பூசப்பட்டதையும், அதற்குப் பின் வந்த கலவரத்தையும் அவர் மெல்லிய குரலில் சொன்னார். அதற்குப் பிறகு அப்பப்பா ஏன் ஒரு படமும் சேர்க்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. அந்தப் படத்தை வைப்பதா என்று தயங்கினேன். "வை பிள்ளை" என்றார். வைத்தேன்.

இரவிரவாக ஸ்கேன் செய்த நான்கு மாணவர்கள், சட்டத்துக்குக் கூலி வாங்காத தச்சர், மூன்று நாளும் தேத்தண்ணீர் ஊற்றிய பெரியம்மா, எல்லோருக்கும் என் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதால் போடவில்லை.

இனி அந்தச் சாரதி. இரண்டாம் நாள் மாலை மட்டக்குளியிலிருந்து ஓர் அன்ரி வந்தார். கட்டுப் போட்ட கையோடு நிற்பவரின் முன்னால் போய் நின்றவர், நகரவே இல்லை. பிறகு, "இவர் எங்கட அம்மப்பா" என்றார். மணிக்கட்டு கோணலாகவே கடைசிவரை இருந்ததாம், எப்படி என்று கேட்டால் "கார் உதைத்தது" என்பாராம். வீட்டில் யாரும் நம்பவில்லையாம். அதுவரை அந்தப் படத்தில் காரின் பெயர் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவே அவருடைய பெயரை எழுதி, காரின் பெயருக்கு மேலே ஒட்டினோம்.

அன்ரி, பெரிய பிரதி தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாஸ் ஐயாவையும் கூட்டிக்கொண்டு மட்டக்குளிக்கு வருகிறேன். உங்கள் அம்மப்பாவைப் பற்றிக் கேட்க அவரிடம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன.

அன்புடன்,
ஸ்டூடியோக்காரரின் பேத்தி
வெள்ளவத்தை, கொழும்பு