குடியாத்தத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மாதம் ஒரு நாள் உதவி முகாம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமென்ட்,
செயலாளர், ஊர் முன்னாள் படைவீரர் சங்கம்,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் வட்டங்களில் வாழும் முன்னாள் படைவீரர்கள், விதவையர் ஆகியோருக்கு மாதாந்திர முகாம் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரை நம் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டையைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேர் போய் வந்திருக்கிறோம். நான் 17 ஆண்டு பணி முடித்து ஊர் திரும்பியவன்.

எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது; ஒரு வீட்டுத் திண்ணைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே காகிதப் பையோடு வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் படைவீரர்களின் மனைவிமார்கள், அதிலும் கணவரை இழந்தவர்கள்.

அவர்களில் ஒரு தாயாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணவர் ராணுவத்தில் நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர், இறந்துவிட்டார். கல்யாணமான புதிதில் இந்த அம்மாவின் பெயரை ராணுவப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தர், அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு, மீதியை ஆங்கிலத்தில் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஆதாரில் கணவரின் முதலெழுத்து இருக்கிறது. பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. இதனால் குடும்ப ஓய்வூதியம் 14 மாதம் வரவில்லை. அதற்குள் அலுவலகங்களுக்கு 11 தடவை நடந்திருக்கிறார். முதலில் இறப்புச் சான்று கேட்டார்கள், அப்புறம் வாரிசுச் சான்று, அப்புறம் நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம். எல்லாமே தேவையான காகிதங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னின்னது வேண்டும் என்று முதல் நாளே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. பேரணாம்பட்டுக்கு அப்பால் இருந்து வேலூர் போய் வந்தால் அன்றைய பீடிக் கூலி போய்விடும். பஸ் செலவு தனி.

பெயருக்கு முன்னால் எழுத்துப் போடுவது நம் வழக்கம். கல்யாணமானதும் அந்த எழுத்து மாறுவதும் நம் வழக்கம். ராணுவப் பதிவேட்டுக்கு இது புரிவதில்லை. அதனால் இந்தச் சிக்கல் இந்த ஒரு அம்மாவோடு முடியாது. கணவர் உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சரிபார்த்துத் திருத்திவிட்டால் பின்னால் இந்த அலைச்சலே இருக்காது.

முன்பு ஓய்வூதியம் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் வங்கியில் போய் நேரில் கேட்டோம். இப்போது படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வழியாக, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பணம் நேராகக் கணக்குக்கு வருகிறது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு விரல் வைத்தால், ஆயுசு முழுக்க பீடி இலை சுருட்டித் தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்பதில்லை. கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று தரலாம் என்பது எங்கள் திண்ணைக்கு வந்தபிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

இவர்களுக்காவது ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. 15 ஆண்டு முடிக்காமல் வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு அதுவும் இல்லை. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயது தாண்டியவர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியம் தரும் வறுமை நிவாரணம் மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது 8,000 ரூபாய். தகுதி இருந்தும் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படாத மூதாட்டிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும், ஆங்கிலத்தில். அவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே தாங்கள் தயவுசெய்து, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, குடியாத்தத்தில் முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறோம். முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒருவர், ஸ்பர்ஷ் தெரிந்த ஒருவர், வாரிசுச் சான்று விஷயத்தைப் பார்க்க வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். நாள் மாறாமல் இருப்பது முக்கியம். இரண்டாவது செவ்வாய் என்றால் எப்போதும் இரண்டாவது செவ்வாய். பெயர்த் திருத்தத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டுத் தந்தால் வீடு வீடாகக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஓய்வூதியம் இல்லாத முன்னாள் சிப்பாய்கள், விதவையர் யார் யார் என்று கிராம நிர்வாக அலுவலர்கள் மூலம் ஒரு பட்டியல் எடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பட்டியலோடு ஊர் ஊராகப் போகவும், முகாமில் விண்ணப்பம் நிரப்பித் தரவும் எங்கள் சங்கத்தில் ஆறு பேர் சம்பளமில்லாமல் தயாராக இருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடி நாளில் பள்ளிப் பிள்ளைகள் கூடப் படைவீரர் நலனுக்காக உண்டியலில் காசு போடுகிறார்கள். அந்தக் கொடி நாளுக்கு முன்பாக முதல் முகாம் நடந்தால் மிகவும் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்

இணைப்பு: 31 குடும்பத்தினரின் கையொப்பமும் கைரேகையும்.